பன்னிரண்டு புள்ளி ஆறு

எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு தேறி, லேப் வேலைக்காக ஒரு வருடம் சான்றிதழ் படிப்பு படித்தேன். அவ்வளவுதான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள். இதைப் படிக்கப்போகும் பிள்ளைகள் என்னைவிட நிறையப் படித்தவர்கள். அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதச் சொன்னது பிரியா. மயிலாப்பூரில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபில் இப்போது அவள்தான் பொறுப்பு. போன மாதம் போன் செய்தாள்.

"அக்கா, புது மெஷின் வந்துடுச்சு. அதைச் சரிபாக்க கம்பெனியிலேர்ந்தே பாட்டில் அனுப்புறாங்க. இனிமே காலைல யாரும் கை நீட்ட வேணாம்."

"நல்லதும்மா."

"சுவத்துல இருக்கிற கிராஃப் தாளையெல்லாம் எடுக்கச் சொல்லிட்டாங்க. புதுசா சேந்த பசங்க இது என்ன, யாரோடதுன்னு கேக்குதுங்க. எனக்குச் சொல்ல வாய் வரலை. நீங்க எழுதிக் குடுங்களேன்."

எனக்கும் வாய் வராது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். ஒரே நாளில் எழுதி முடிக்க முடியவில்லை. விரல்கள் நீலமாகும்போது பேனாவை வைத்துவிட்டு வெந்நீர் டம்ளரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

லேபில் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்தைந்து. வீடு ஆதம்பாக்கம். கணவருக்கு அங்கேயே வண்டி ரிப்பேர் கடை. காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினால்தான் ஆறு மணிக்கு லேபில் இருக்க முடியும். முதல் இரண்டு வருடம் டியூப் கழுவினேன், பெயர் எழுதி ஒட்டினேன், பிறகு ஊசியைக் கையில் கொடுத்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

வேலை கற்றுக்கொடுத்தவர் சாதிக் சார். தலைமை டெக்னீசியன், ராயப்பேட்டைக்காரர். பேச்சு குறைவு. நன்றாகச் செய்தாய் என்று அவர் யாரையும் சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் எடுத்துக்கொண்டு வரும் ஒவ்வொரு டியூபையும் ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் சாய்த்துப் பார்ப்பார். ரத்தம் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது தயங்கினால் கட்டி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். சரியாக இருந்தால் டியூபை ஸ்டாண்டில் நிறுத்துவார். இல்லையென்றால் மேஜைமேல் படுக்க வைத்துவிடுவார். திட்டமாட்டார். படுத்துக்கிடக்கும் டியூபைப் பார்த்தால், அது யார் எடுத்தது என்றுதான் முதலில் தேடுவோம்.

கட்டி விழுவது பெரும்பாலும் எடுத்தவர் தப்பு. ரத்தம் எடுத்த உடனே டியூபை எட்டுத் தடவை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அவசரத்தில் நாலோடு நிறுத்தினால் உள்ளே இருக்கும் மருந்து கலக்காது. அவருடைய சட்டம் இதுதான்: யார் எடுத்த டியூப் படுத்ததோ, அவரேதான் திரும்பவும் அந்த நோயாளியிடம் போக வேண்டும். போய், "எங்க தப்பு, இன்னொரு தடவை எடுக்கணும்" என்று சொல்ல வேண்டும்.

"டியூப் ஒடைஞ்சுபோச்சு, கரண்ட் போயிடுச்சுன்னு கதை வுடாதீங்க. எங்க தப்புன்னு சொல்லு. ரெண்டே வார்த்தை. நாக்கு தேஞ்சிடாது" என்பார்.

எனக்கு அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வது ஊசி போட்டுக்கொள்வதைவிடக் கஷ்டம். அதற்குப் பயந்தே எட்டுத் தடவையை ஒன்பதாகத் திருப்பினேன்.

இப்போது அந்தக் கிராஃப் தாளுக்கு வருகிறேன்.

ரத்தம் எண்ணும் மெஷினைத் தினமும் காலையில் சரிபார்க்க வேண்டும். இவ்வளவு இருக்கிறது என்று முன்பே தெரிந்த ஒரு ரத்தத்தை அதில் செலுத்தி, அது அதே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்ப்பது. அதற்கென்று பாட்டிலில் ரத்தம் விற்கிறார்கள். வடக்கேயிருந்து ஐஸில் வைத்து வரும். சித்திரை, வைகாசியில் வந்து சேரும்போது ஐஸ் தண்ணீராகியிருக்கும். இரண்டு முறை பாட்டில் கெட்டுப்போய் வந்தபிறகு சாதிக் சார் வேறு வழி பார்த்தார். லேபில் இருந்த ஆறு பேருடைய ரத்தத்தையும் பத்து நாள் தொடர்ந்து சோதித்தார். ஐந்து பேருடையது ஏறி இறங்கியது. என்னுடையது ஆடவில்லை. ஹீமோகுளோபின் பன்னிரண்டு புள்ளி ஆறு. மறுநாள் பன்னிரண்டு புள்ளி ஐந்து. மறுபடி ஆறு.

"உன் ரத்தம் எடைக்கல்லு மாதிரி கீதும்மா" என்றார். அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

அன்றிலிருந்து ஒன்பது வருடம், ஞாயிறு தவிர எல்லா நாளும், காலை ஆறு மணிக்கு முதல் டியூப் என்னுடையது. ஒரு நாள் இடது கை, ஒரு நாள் வலது கை. இரண்டு மில்லி. மெஷின் என்ன காட்டுகிறதோ அதைச் சாதிக் சார் சுவரில் ஒட்டிய கட்டம்போட்ட தாளில் சிவப்பு மையால் புள்ளி வைத்து, முந்தின நாள் புள்ளியோடு ஸ்கேல் வைத்து இணைப்பார். கோடு நேராகப் போகும். எப்போதாவது வளைந்தால் மெஷின் அழுக்கு என்று அர்த்தம். கழுவி, அளவைத் திருகிச் சரிசெய்வார். மறுநாள் கோடு நேராகிவிடும்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். எனக்கு அந்தக் கோட்டைப் பார்க்கப் பிடிக்கும். பள்ளியிலும் வீட்டிலும் என்னை யாரும் ஒன்றுக்கு உதாரணமாகக் காட்டியதில்லை. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் இருக்கும் அத்தனை பேருடைய ரத்தத்தையும் என்னுடையதை வைத்து அளக்கிறார்கள் என்று நினைக்கும்போது, பஸ்ஸில் நின்றுகொண்டு போனாலும் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

எட்டு மணிக்கு மேல் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்துவருவேன். அதில் ஒருவர் ஜானகி மாமி. மாட வீதிக்குப் பின்னால் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஆர்டர் எடுத்து பட்சணம் செய்து கொடுப்பவர். அறுபது வயதுக்கு மேல். சர்க்கரைக்காக ஒன்பது வருடமாக நான்தான் எடுத்தேன். வேறு யாரையாவது அனுப்பினால் கதவைத் திறக்கமாட்டார்.

"வாடி விமலா. என்ன, வாயில கொழுக்கட்டையா? எப்படி இருக்கேள் மாமின்னு ஒரு வார்த்தை கேளேன்."

"எப்படி இருக்கீங்க மாமி?"

"சொல்லிக் குடுத்தாத்தான் கேப்பியா? சரி, குத்து."

எடுத்து முடித்ததும் இரண்டு தேன்குழலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். வாசல்வரை வந்து, "போயிட்டு வாடி, படி பாத்து எறங்கு" என்பார். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

அந்த ஐப்பசியில் மாமிக்கு ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி நாலுக்கு இறங்கியிருந்தது. அவருடைய டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, மாதம் ஒரு முறை பார்க்கச் சொன்னார். ஏறவில்லை என்றால் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். மாமிக்கு அதுதான் பயம்.

கார்த்திகை கடைசியில் சுவரில் இருந்த கோடு இறங்க ஆரம்பித்தது. பன்னிரண்டு புள்ளி மூன்று. சாதிக் சார் மெஷினைக் கழுவினார். ஏறவில்லை. திருகி ஆறுக்குக் கொண்டுவந்தார். ஐந்து நாள் கழித்துப் பன்னிரண்டு புள்ளி இரண்டு. மறுபடி திருகினார்.

"சார், வேற யாரோட ரத்தமாவது போட்டுப் பாக்கலாமா?" என்று பிரியா கேட்டாள். அப்போது அவள் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

"எதுக்கு? ஒம்போது வருஷமா ஆடாத கல்லு. மெஷினுக்குத்தான் வயசாயிடுச்சு" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். மார்கழி முழுவதும் இப்படியே போனது. கொஞ்சம் இறங்கும், கொஞ்சம் திருகுவார். ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய அளவுதான். திருகியதும் நான் பன்னிரண்டு புள்ளி ஆறுக்கு வந்துவிடுவேன்.

அந்த மார்கழியில் மயிலாப்பூரில் எல்லாருக்கும் ரத்தம் கூடியது. பேறுகாலத்துப் பெண்களுக்குப் பத்தரை, பதினொன்று என்று வந்தது. ஒரு டாக்டர் போன் செய்து, "உங்க ஏரியால எல்லாரும் முருங்கைக்கீரை சாப்பிடுறாங்களா?" என்று வேடிக்கையாகக் கேட்டார். நாங்களும் சிரித்தோம். ஜானகி மாமிக்கு மார்கழியில் ஒன்பது புள்ளி எட்டு. தை முதல் வாரம் பத்து புள்ளி ஒன்று.

"பாத்தியா! குழாயும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். இரும்பு மாத்திரையும் என் பொண்ணு வாங்கிண்டு வந்த பேரீச்சம்பழமும். ஆத்துல எல்லாருக்கும் சொல்லிண்டிருக்கேன்" என்று எனக்கு அன்று நாலு தேன்குழல் கொடுத்தார். என்னை உற்றுப் பார்த்து, "உனக்கென்னடி இப்படி மூச்சு வாங்கறது? என்னைவிட நீதான் கிழவி மாதிரி படி ஏறறே" என்றார்.

உண்மைதான். ஒரு மாடி ஏறினால் நிற்க வேண்டியிருந்தது. வயது ஐம்பத்தொன்று, மாதவிலக்கு நிற்கிற நேரம், அதனால் என்று நினைத்துக்கொண்டேன். லேபில் ஃபிரிட்ஜுக்குள் கைவிட்டால் விரல் நுனி நீலமாகும். பனி என்று நினைத்தேன். காலையில் சிறுநீர் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் போனது. அதற்கும் ஏதோ காரணம் வைத்திருந்தேன், இப்போது ஞாபகம் இல்லை.

கணவர் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார். "இன்னா விமலா, மூஞ்செல்லாம் மஞ்சாவா கீது? ரத்தம் கித்தம் டெஸ்ட் பண்ணிப் பாரேன்."

"தினமும்தான் பண்றேன். பன்னிரண்டு புள்ளி ஆறு."

"அப்போ சரி. நீ இன்னா, டாக்டருக்கே டாக்டர்" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார்.

தை மூன்றாம் வாரம் ஒரு திங்கட்கிழமை. ஆறு மணிக்குப் பிரியா என் கையில் எடுத்து டியூபை ஸ்டாண்டில் வைத்தாள். மற்ற நாளில் எடுத்த சூட்டோடு மெஷினுக்குள் போய்விடும். அன்று மெஷின் கிளம்பவில்லை. சாதிக் சார் அதைத் திறந்துவைத்துக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். டியூப் ஏசிக்கு நேர் கீழே இருந்தது. அவர் முடித்துவிட்டு வந்து, வழக்கம்போல் டியூபை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். மேஜைமேல் படுக்க வைத்தார்.

"யாரு எடுத்தது?"

"நான்தான் சார்" என்றாள் பிரியா. அழுதுவிடுவாள்போல இருந்தது. "எட்டு தடவை திருப்பினேன் சார். சத்தியமா."

"யாரோடது?"

"அக்காவோடது சார்."

"மறுபடி எடு."

அவர் பக்கத்தில் நின்று எண்ண எண்ண, பிரியா எடுத்து எட்டுத் தடவை திருப்பினாள். சார் வாங்கிப் பார்த்தார். ரத்தம் வழுக்கிக்கொண்டு போனது. ஸ்டாண்டில் நிறுத்தினார். கால்மணி நேரம் கழித்துத் திரும்பவும் எடுத்துப் பார்த்தார். கண்ணாடிச் சுவரில் சிவப்பு ரவை ஒட்டியதுபோலப் பொடிப்பொடியாக நின்றிருந்தது.

இந்த முறை அவர் டியூபைப் படுக்க வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாட்டர் பாத் பக்கம் போனார். மனித உடம்பின் சூட்டிலேயே எப்போதும் தண்ணீர் வைத்திருக்கும் தொட்டி அது. டியூபை அதில் இறக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். எடுத்துச் சாய்த்தார். ஒரு ரவைகூட இல்லை. எண்ணெய் மாதிரி வழுக்கியது. ஏசிக்குக் கீழே வைத்தார். ரவை வந்தது. திரும்பத் தொட்டியில் இறக்கினார். போனது. மூன்று தடவை செய்தார்.

"சார், மேஜிக் மாதிரி இருக்கு" என்றாள் பிரியா.

"வாய மூடு." அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். பிறகு என் பக்கம் திரும்பினார். "விமலா, உக்காரும்மா."

உட்கார்ந்தேன்.

"காலைல யூரின் இன்னா கலர்ல போகுது?"

ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தரையைப் பார்த்தேன். அவர் விடவில்லை. "கட்டங்காப்பி மாதிரி சார்" என்றேன்.

"எத்தினி நாளா?"

"கார்த்திகைலேர்ந்து."

"தெனம் ரத்தம் பாக்குற எடத்துல இருந்துக்கினு ஏம்மா சொல்லலை?"

"பன்னிரண்டு புள்ளி ஆறுதானே சார் வருது."

அவர் மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கோடு நேராக இருந்தது.

"யா அல்லா" என்றார். "ஊர் முழுக்க."

என் ரத்தத்தை அன்றே வேறொரு லேபுக்கு அனுப்பினார். பத்து புள்ளி எட்டு. ஏழு வாரமாக நான் இறங்க இறங்க, அவர் மெஷினை ஏற்றியிருக்கிறார். என்னைப் பன்னிரண்டு புள்ளி ஆறில் நிறுத்துவதற்காக எல்லாரையும் மேலே தூக்கியிருக்கிறார். ஜானகி மாமியின் பத்து புள்ளி ஒன்று உண்மையில் எட்டு புள்ளி ஏழு. மாமி ஏறவேயில்லை. இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

லேபின் சொந்தக்காரரான டாக்டரம்மா, மெஷினை அளவுக்குக் கொண்டுவந்தால் போதும், வெளியே எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். சாதிக் சார் கேட்கவில்லை. அந்த ஏழு வாரத்து ரிஜிஸ்டரை எடுத்துவைத்துக்கொண்டு, யாருக்கெல்லாம் அந்த வித்தியாசத்தால் ஆபத்து என்று பெயர் குறித்தார். ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்தார். "எங்க தப்பு. மறுபடி எடுக்கணும்." எதிர்முனையில் ஒருவர் கத்தியது எனக்கே கேட்டது. "நீங்க இன்னா லேபு நடத்துறீங்களா, ஜோசியக் கடை நடத்துறீங்களா?" சார், "மன்னிச்சிக்கங்க" என்று சொல்லி அடுத்த பெயருக்குப் போனார்.

ஜானகி மாமியின் பெயர் வந்தபோது நான், "மாமிகிட்ட நானே நேர்ல போய்ச் சொல்றேன் சார்" என்றேன். அவர் அந்தப் பெயரை அடித்துவிட்டார்.

எட்டு நாள் நான் போகவில்லை.

அதில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கழிந்தது. ரத்த நோய் டாக்டர் இளைஞர். பொறுமையாகச் சொன்னார். குளிர் பட்டால் என் உடம்பே என் சிவப்பணுக்களைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டவைத்து உடைக்கிறதாம். பெயர் கோல்ட் அக்ளூட்டினின் நோய். ஏன் வந்தது என்று தெரியவில்லை. எலும்பு மஜ்ஜையிலும் எடுத்துப் பார்க்க வேண்டும், உள்ளே வேறு ஏதாவது ஒளிந்திருக்கலாம் என்றார்.

"ரொம்ப அபூர்வம்மா. எனக்கு நீங்க ரெண்டாவது பேஷன்ட்."

"குணமாயிடுமா சார்?"

"கட்டுப்பாட்டுல வைக்கப் பாக்கலாம். சென்னைல இருக்கிறது உங்க நல்ல நேரம். ஊட்டியில இருந்திருந்தா ரொம்பக் கஷ்டம். ஏசி, ஃபிரிட்ஜ், ஐஸ் எதுவும் ஆகாது. என்ன வேலை பாக்குறீங்க?"

"லேப்ல."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

மீதி ஐந்து நாளுக்கு என்னிடம் காரணம் இல்லை. தினமும் காலையில் இன்று போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். தெப்பக்குளம்வரை போவேன். மாமி என்ன கேட்பார், என்ன முகத்தோடு கேட்பார் என்று நினைத்துப் பார்ப்பேன். வேறு வீடுகளுக்குப் போய்விடுவேன். என் நோயை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டேன். நமக்கே உயிர் எப்போது என்று தெரியவில்லை, இன்னும் ஒரு நாள் ஆனால் என்ன என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் படி ஏறினேன். மாமி எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். யாரோ வீட்டுச் சீமந்தத்துக்கு முறுக்கு. முகம் வெளுத்துப்போயிருந்ததை நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "என்னடி இது, பேயறைஞ்ச மாதிரி இருக்கே" என்றார்.

"மாமி, போன தடவை எடுத்தது..."

"எடுத்தது?"

"டியூப் உடைஞ்சுடுச்சு மாமி. மறுபடி எடுக்கணும்."

"ரிப்போர்ட்தான் வந்துடுத்தே?"

"அது வேற டெஸ்ட்டுக்கு மாமி."

மாமி கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். சந்தேகப்படவே இல்லை. சாதிக் சார் இருபத்தைந்து வருடமாகச் சொல்லக்கூடாது என்று சொல்லிவந்த அதே பொய்யை, சொல்லியே ஆக வேண்டிய ஒரே இடத்தில் நான் சொன்னேன்.

எட்டு புள்ளி இரண்டு வந்தது. அவருடைய டாக்டர் உடனே குழாய் விட்டுப் பார்த்தார். இரைப்பையில் கட்டி. கல்லீரலுக்குப் போயிருந்தது. ஐப்பசியிலேயே பார்த்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். நான் சாதிக் சார் மூலம் கேட்டு அனுப்பியதற்கு, எட்டு நாளில் ஒன்றும் மாறியிருக்காது என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறார். சார் அதை என்னிடம் சொன்னார். எனக்கு அதனால் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

மாசி கடைசியில் சாதிக் சார் வேலையை விட்டுவிட்டார். தன் டிராயரிலிருந்து கண்ணாடிப் பெட்டியும் தொப்பியும் மட்டும் எடுத்துக்கொண்டார். ராயப்பேட்டையில் தம்பியின் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் அவரைப் போய்ப் பார்த்ததில்லை. என் ரத்தத்தைப் பற்றி அவர் கேட்பார், எனக்கு எண்களைச் சொல்ல வராது.

எனக்கு நாலு வாரம் மருந்து ஏற்றினார்கள். ஒரு வருடம் பிடித்து நின்றது. பிறகு மறுபடி இறங்கியது. திரும்ப ஏற்றினார்கள், இந்த முறை நாலு மாதம்தான். இப்போது எட்டில் இருக்கிறேன். மஜ்ஜையில் ஏதோ இருக்கிறது, இப்போதைக்குக் கவனித்துக்கொண்டிருப்போம் என்கிறார்கள். மூன்று வருடமாகக் கவனிக்கிறார்கள். ஐப்பசி மழை ஆரம்பித்தால் காலுறை போட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் படுக்கிறேன். நாத்தனார் மகள் கல்யாணத்துக்குத் தியாகராய நகரில் புடவை எடுக்கப் போனபோது, கடை ஏசி ஆகாது என்று எல்லாரும் வெளியே வரும்வரை நடைபாதையில் பை வைத்துக்கொண்டு நின்றேன். கல்யாணத்தில் ஐஸ்கிரீம் கொடுக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். இப்படி இருந்து என்ன என்று சில நாள் தோன்றுகிறது. கணவரிடம் சொன்னால் அவர் வண்டியைக் கழற்றிக்கொண்டே, "இன்னாத்துக்கு இப்டி பேசுற" என்பார். அதற்குமேல் அவருக்கும் சொல்லத் தெரியாது.

ஜானகி மாமி வைகாசியில் போய்விட்டார். பிரியா போன் செய்து சொன்னாள். நான் போகவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள், பக்கத்தில் நிற்க முடியாது என்று வீட்டில் சொன்னேன். அது காரணம் இல்லை.

காரணம் பங்குனியில் நடந்தது. அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அன்று லேபில் எனக்குக் கடைசி நாள். மத்தியானமே கையெழுத்துப் போட்டுவிட்டு, அடையாறு பக்கம் மாமி இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறையில் ஏசி. சால்வையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். மாமி பாதியாகியிருந்தார். மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

"வாடி" என்றார். "இன்னிக்கும் குத்தப்போறியா?"

"இல்ல மாமி. எங்க தப்பு மாமி."

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. என் ரத்தம், மெஷின், திருகியது, பத்து புள்ளி ஒன்று, எல்லாம் சொன்னேன். மாமி கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"டியூப் உடைஞ்சுடுத்துன்னியே?"

"பொய் மாமி."

"அன்னிக்குத்தான் உனக்குத் தெரிஞ்சுதா?"

இல்லை என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். "எட்டு நாள் முன்னாடியே தெரியும்" என்றேன்.

மாமி பிறகு என் கையைப் பார்த்து, "ஏன் இப்படி நீலமா இருக்கு?" என்றார்.

"அதான் மாமி என் வியாதி." கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ம்" என்றார். "தை மாசம் பூரா அடுப்புக்கு முன்னாடி நின்னேன். தலை சுத்தித்து. பத்து வந்துடுத்து, இனிமே பயமில்லைன்னு நெனச்சுண்டு நின்னேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கால் மரத்துப்போனது. மகள் வரும் சத்தம் கேட்டது.

"வரேன் மாமி" என்றேன்.

"சரி. போ" என்றார்.

மறுநாள், என் ரத்தத்துக்குப் பதிலாக லேபுக்கு வர வேண்டிய பாட்டில் வரவில்லை. காலை ஆறு மணிக்குப் பிரியாவின் இடது கையில் எடுத்தார்கள். பன்னிரண்டு புள்ளி ஒன்று. சுவரில் புதுத் தாள் ஒட்டினார்கள்.